பக்கத்து வீட்டு அக்கா முதல் சிலிண்டர் போடும் தம்பி வரை: அக்கம்பக்கத்து ஆட்களை எப்படிக் குறிப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது

என் அண்ணன் மகள் பிறந்து வளர்ந்தது புனேயில். வீட்டில் தமிழ்தான். ஆனால் அது நான்கு பேருக்குள்ளேயே புழங்கிய தமிழ். தெருவைப் பார்த்தது கிடையாது. போன வருடம் மதுரையில் வேலை கிடைத்து, ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடிவந்தாள். கீழே வீட்டு உரிமையாளரும் அவர் மனைவியும். இரண்டு பேருக்குமே எழுபதைத் தாண்டியிருக்கும். வந்த வாரமே சிலிண்டர் வந்திருக்கிறது. கேஸ் புத்தகம் கீழே இருந்தது. இவள் மாடியிலிருந்தபடியே, "புக் என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, கீழ வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். சிலிண்டர் போட வந்த பையன் நேரே கீழே போய், "சார், மாடியில இருக்கிற உங்க வீட்டம்மா புக்கை உங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாங்க" என்றிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாராம்.

"அத்தை, நான் என்ன தப்பா சொன்னேன்?" என்று அன்று ராத்திரி போன். இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்காரர் என்றால் வீட்டின் சொந்தக்காரர்; வீட்டுக்காரர் என்றால் கணவர். இரண்டும் சரி. ஆனால் ஒரு பெண் 'என் வீட்டுக்காரர்' என்று சொன்னால் தெரு மொத்தமும் இரண்டாவது பொருளைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எல்லாரும் 'ஹவுஸ் ஓனர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதி அனுப்பியதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். வெளியூரில் வளர்ந்து திரும்பியவர்களுக்கும், ஊர் மாறிக் குடிபோகிறவர்களுக்கும், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவர்களுக்கும் பயன்படும்.

படி 1: ஓர் ஆளுக்கு இரண்டு சொல்

முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெருவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தமிழில் இரண்டு சொல் உண்டு. ஒன்று, அவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேசும்போது குறிப்பிடும் சொல். இன்னொன்று, அவர் முகத்தைப் பார்த்துக் கூப்பிடும் சொல். 'பால்காரர் இன்னும் வரலையே' என்பது குறிப்பிடுவது. அவரே வாசலில் வந்து நின்றால் 'அண்ணே, இன்னைக்கு ரெண்டு பாக்கெட்டு' என்பது கூப்பிடுவது. குறிப்பிடும் சொல் வீட்டையோ தொழிலையோ வைத்து அமையும். கூப்பிடும் சொல் பெரும்பாலும் உறவுமுறையாக இருக்கும். வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். புத்தகத்தில் படித்த 'பால்காரர்' என்ற சொல்லை அவர் முகத்துக்கு நேரே வீசிவிடுகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தெருவில் கூவிக்கொண்டு போகிறவரை மாடியிலிருந்து நிறுத்த வேண்டுமானால் 'கீரைக்காரம்மா!' என்று கத்தலாம், அது வழக்கம்தான். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்ததும் 'அக்கா, அரைக்கீரை என்ன விலை?' என்று மாறிவிட வேண்டும். தூரத்தில் தொழில், கிட்டத்தில் உறவு.

படி 2: முதலில் வீட்டைக் குறியுங்கள்

புதுத் தெருவில் யார் பெயரும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வீடு இருக்கும் இடமே பெயராகிவிடும்: பக்கத்து வீடு, எதிர் வீடு (பேச்சில் எதுத்த வீடு), பின்வீடு, மேல்வீடு, கீழ்வீடு, மூலை வீடு, கடைசி வீடு. 'பக்கம்' என்பது 'பக்கத்து' ஆகும், 'வீடு' என்பது 'வீட்டு' ஆகும், அப்புறம் ஆளை ஒட்டினால் முடிந்தது: பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வீட்டுத் தாத்தா. பன்மையில் 'மேல்வீட்டுக்காரங்க'. முன்னால் இடம் ஒட்டியிருந்தால் 'வீட்டுக்காரர்' ஆபத்தில்லாத சொல். தனியாக நின்றால்தான் வம்பு.

'மாடி வீடு' கொஞ்சம் வழுக்கும். 'மாடியில குடியிருக்கிறவங்க' என்றால் மேலே வாடகைக்கு இருப்பவர்கள். 'மாடி வீட்டுக்காரங்க' என்றால் பல ஊர்களில் மாடி கட்டியிருக்கும் வசதியானவர்கள்.

மொத்தமாகச் சொல்ல 'அக்கம்பக்கம்' இருக்கிறது. இதில் 'அக்கம்' தனியாக நிற்காது. பக்கத்துக்குத் துணையாக வந்த சொல். பெண் பார்க்க வருகிறவர்களும் விசாரிப்பது அக்கம்பக்கத்தில்தான், போலீஸ் விசாரிப்பதும் அக்கம்பக்கத்தில்தான்.

அகராதியைப் புரட்டினால் 'அண்டை வீட்டார்', 'அயலார்' என்றெல்லாம் வரும். தமிழ்நாட்டுப் பேச்சில் இவை இல்லை. அண்டை என்பது 'அண்டை மாநிலம்', 'அண்டை நாடு' என்று செய்தித்தாளுக்குக் குடிபோய்விட்டது. அயல் கதை இன்னும் வேடிக்கை. அதன் பழைய பொருள் பக்கம், அருகு. இங்கே அது மெல்ல மெல்லத் தள்ளிப்போய் 'அயல்நாடு' என்று கடல் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ இன்னும் வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது: 'அயலட்டைச் சனம்' என்றால் அக்கம்பக்கத்து ஆட்கள். ஒரே சொல் ஒரு கரையில் பக்கத்து வீடு, மறு கரையில் வெளிநாடு. வேதாகமத்தைத் தமிழாக்கியவர்களும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் அன்புகூர வேண்டியது 'பிறனிடத்தில்'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே ஆள் 'உனக்கு அடுத்திருப்பவர்' ஆகிவிட்டார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்கிறது.

வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்துக்குத் தனிப் பெயர்களும் உண்டு. மதுரையில் ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல வீடுகள் இருந்தால் 'காம்பவுண்டு'. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் 'லைன் வீடு'. சென்னை திருவல்லிக்கேணியில் பழைய ஆட்கள் 'ஸ்டோர்' என்றும் 'ஒண்டுக்குடித்தனம்' என்றும் சொல்வார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் 'லயம்'. திருநெல்வேலியில் 'வளவு' என்பது பல வீடுகள் சேர்ந்த இடம். யாழ்ப்பாணத்தில் அதே சொல் ஒரே வீட்டைச் சுற்றியுள்ள காணி. ஆக, 'நம்ம காம்பவுண்டு அக்கா' என்று ஒருவர் சொன்னால் அவர்கள் இருவரும் ஒரே தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுச் சமாதானமானவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 3: உறவை ஒட்டுங்கள்

இதுதான் கஷ்டமான படி, நிதானமாகப் போகலாம்.

வயதை வைத்துத் தொடங்குங்கள். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் அக்கா, அண்ணன். இளையவர் என்றால் பெயர் சொல்லலாம், அல்லது தம்பி, பாப்பா. அப்பா அம்மா வயது என்றால் அம்மா, ஐயா அல்லது சார். அதற்கும் மேல் பாட்டி, தாத்தா. சந்தேகம் வந்தால் ஒரு படி இறக்கிக் கூப்பிடுங்கள். பாட்டி என்று தோன்றினால் அம்மா, ஆன்டி என்று தோன்றினால் அக்கா. நான் ஒருமுறை சந்தையில் நரைமுடியைப் பார்த்து "பாட்டி, மாங்காய் எப்படி?" என்று கேட்டேன். அவர் பதிலே சொல்லாமல் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து "சொல்லு கண்ணு, என்ன வேணும்?" என்றார். அப்புறம்தான் கவனித்தேன், என்னைவிடப் பத்து வயது மூத்திருந்தால் அதிகம்.

ஆன்டி, அங்கிள் பற்றி ஒரு வார்த்தை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் சொல்லலாம். இருபத்தைந்து வயது ஆள் முப்பத்தைந்து வயதுப் பெண்ணை ஆன்டி என்றால் அது வசவுக்குப் பக்கத்தில் போய்விடும். அக்கா என்ற சொல்லால் யாரும் மனம் நொந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து, அத்தையா சித்தியா என்ற கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். தமிழ்க் குடும்பத்தில் இரண்டும் வேறு வேறு கதவு. சித்தி, பெரியம்மா, சித்தப்பா, பெரியப்பா என்றால் அவர்கள் பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தங்கை. அத்தை, மாமா என்றால் அவர்கள் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் முறை. நகரத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'எதிர் வீட்டு மாமா' என்பது வெறும் மரியாதை. கிராமத்தில் அப்படியில்லை. 'மாமா' என்று கூப்பிட்டால் "அவரு உனக்குச் சித்தப்பா முறை வேணும்" என்று திருத்துவார்கள். உங்களை விசாரித்து, எங்கோ ஒரு கிளை பிடித்து, முறை சொல்லித்தர அங்கே யாராவது ஒரு கிழவி இருப்பார். அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதே உத்தமம்.

'மாமி' இன்னொரு பொறி. தமிழ்நாட்டில் யாரையாவது மாமி என்றால் அவர் பிராமணப் பெண் என்றே கேட்பவர் நினைப்பார். யாழ்ப்பாணத்திலும் பல முஸ்லிம் வீடுகளிலும் மாமி வெறும் அத்தை, மாமன் மனைவி, மாமியார். சாதி வாசனை கிடையாது.

வழி எதுவும் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கார்த்தி அம்மா', 'செல்வி அப்பா' என்பது குறிப்பிடவும் ஆகும், கூப்பிடவும் ஆகும். இரண்டு வேலையும் செய்கிற அபூர்வமான சொல் இது. இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை எழுதும்போது மட்டும் 'கார்த்தி அம்மா பேரு என்ன?' என்று தேடும் வீடுகள் ஏராளம்.

படி 4: தொழிலை வைத்து வரும் சொற்கள்

இங்கே 'காரர்' தான் அச்சாணி. பூக்காரர், கடைக்காரர், ஆட்டோக்காரர் என்று உயிரெழுத்து ஓசையில் முடியும் சொல்லோடு சேரும்போது க் வரும். பால்காரர், மீன்காரர், கேபிள்காரர் என்று ல், ன், ள் முடிவில் வராது. காதால் கேட்டாலே பிடிபடும்.

கவனிக்க வேண்டியது விகுதியை. காரன், காரி என்றால் மரியாதை போய்விட்டது என்று பொருள். ஆணுக்குக் காரர், பெண்ணுக்குக் காரம்மா: பூக்காரம்மா, தயிர்க்காரம்மா, இட்லிக்காரம்மா. பெண் என்றவுடன் 'காரி' போடும் பழக்கம் எழுத்தில் இன்னும் இருக்கிறது, விட்டுவிடலாம். குறிப்பாக 'வேலைக்காரி'. அந்தச் சொல்லை என் அண்ணன் மகள் ஏதோ பழைய தொடரில் கேட்டுக் கற்றிருந்தாள். அதற்குப் பதில் 'வேலைக்கு வர்ற அக்கா' என்றால் போதும். அரசுத் தாள்களில் 'வீட்டுப் பணியாளர்'.

எல்லாத் தொழிலுக்கும் 'காரர்' ஒட்டாது. சில இடங்களில் ஒரு வினையைப் போட்டுத்தான் ஆளைச் சொல்கிறோம்: தண்ணி கேன் போடுறவர், பேப்பர் போடுற பையன், சிலிண்டர் போடுறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவர். 'போடுவது' என்ற ஒரே சொல் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது பாருங்கள். துணி தேய்ப்பவர் சில ஊரில் இஸ்திரிக்காரர், சில ஊரில் அயர்ன்காரர், 'அயர்ன் கடை அண்ணன்' என்றால் எங்கும் புரியும். வீடு கட்டும் இடத்தில் சுவர் எழுப்புபவர் கொத்தனார், கூடமாட கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பவர் சித்தாள். இரண்டையும் மாற்றிச் சொன்னால் கொத்தனார் முகம் சுருங்கும். வாட்ச்மேன், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டன, தேட வேண்டாம்.

குப்பை வண்டியோடு வருகிறவர்களை 'குப்பைக்காரர்' என்னாதீர்கள். தமிழ்நாடு அரசு 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. ஆவணத்தில் பெயர் மாறியது நல்லது. வாசலில் நிற்கும்போது அதுவும் தேவையில்லை. 'அக்கா, இது மக்கும் குப்பை' என்று கொடுத்தால் சரி. திருநங்கைகள் வாசலுக்கு வந்தாலும் அப்படித்தான், அக்கா அல்லது அம்மா.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முடி வெட்டுவது, துணி வெளுப்பது போன்ற தொழில்களுக்கு நம் பாட்டன்மார் புழங்கிய சொற்கள் பல சாதிப் பெயர்கள். அந்த வீட்டுப் பெரியவர்களை ஊரின் சிறுபிள்ளைகள்கூட 'வாடா, போடா' என்று கூப்பிட்ட காலத்தின் சொற்கள் அவை. சில கிராமங்களில் அந்தக் காலம் முழுசாக முடியவும் இல்லை. 'சலூன் அண்ணன்' என்று சொல்லிப் பழகுங்கள். வயதானவர் யாராவது வேறு சொல்லைச் சொன்னால் பின்பற்றாதீர்கள்.

கடைகளுக்கும் இதே சிக்கல் லேசாக உண்டு. செட்டியார் கடை, பாய் கடை, நாயர் கடை என்று தெரு முழுக்கச் சொல்லும். 'பாய்' என்றால் சகோதரன். பழகிய ஆளிடம் அன்பாகத்தான் ஒலிக்கும். ஆனால் வழியில் பார்க்கும் எல்லா முஸ்லிம் ஆண்களையும் பாய் என்றே கூப்பிட்டால், அவர்களுக்குப் பெயரே கிடையாது என்று சொல்வது போல ஆகிவிடும். அண்ணன் என்ற சொல்லுக்கு மதமும் இல்லை, மாநிலமும் இல்லை. ஓட்டலில் மேஜை துடைக்கும் வடமாநிலப் பையனும் தம்பிதான்.

படி 5: நீயா, நீங்களா

தெரியாதவர்களிடம் நீங்கள். வயதில் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் வேலை செய்யும் பெரிய ஆள் என்றால் நீங்கள். இதில் யோசிக்கவே வேண்டாம். அவர் இல்லாதபோதும் 'அவன் வந்தான்' என்று பேசாமல் 'அவர் வந்தார்', பெண் என்றால் 'அவங்க வந்தாங்க'. ஓர் ஆளைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண முறை அல்ல என்று தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது. அதாவது இந்த மரியாதைப் பன்மை அன்றைக்கே தெருவிலிருந்து இலக்கணத்துக்குள் வந்த சரக்கு.

யாழ்ப்பாணத்தில் நடுவில் 'நீர்' என்று ஒன்று இருக்கிறது. நீ என்றால் குறைவு, நீங்கள் என்றால் தூரம் என்று தோன்றும் இடத்தில் அது கச்சிதமாக உட்காரும். தமிழ்நாட்டில், நெல்லைப் பக்கம் தவிர, யாராவது நம்மை 'நீர்' என்றால் நாடகத்தில் அரசர் பேசுவது போலக் கேட்கும்.

படி 6: ஊர் மாறினால் சொல்லும் மாறும்

மதுரையில் 'அண்ணே' என்றால் எல்லாக் கதவும் திறக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கடைக்காரர் 'அண்ணாச்சி'. அவர் உங்களைவிட இளையவராக இருந்தாலும் அண்ணாச்சிதான். கொங்குப் பக்கம் எந்தச் சொல்லானாலும் 'ங்க' சேர்த்துவிடுங்கள்: சரிங்க, இல்லீங்க, ஏனுங்க. சின்னப் பெண்ணை அங்கே 'அம்மிணி' என்பார்கள். சென்னையில் ஆட்டோக்காரர் முதல் ஐடி கம்பெனி செக்யூரிட்டி வரை 'அண்ணா'.

'ஆச்சி'யில் ஜாக்கிரதை. திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி. காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பெண்ணை மரியாதையாக ஆச்சி என்பார்கள். மூத்த சகோதரிக்கும் அதே சொல். நெல்லையில் வளர்ந்த நான் காரைக்குடியில் ஒரு முப்பது வயதுப் பெண்ணை எல்லாரும் ஆச்சி என்று கூப்பிடுவதைப் பார்த்து, 'பாவம், இந்த வயசுலயே' என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

இதையும் மிஞ்சுவது 'தாத்தா'. இலங்கை முஸ்லிம்களிடையே தாத்தா என்றால் அக்கா! அண்ணனுக்கு நானா, காக்கா. காயல்பட்டினத்திலும் அண்ணன் காக்காதான். அக்கா அங்கே லாத்தா. கொழும்பில் யாராவது 'தாத்தாவுக்குக் கல்யாணம்' என்றால் திகைக்காமல் வாழ்த்துச் சொல்லுங்கள்.

படி 7: போனைத் திறந்து பாருங்கள்

பயிற்சிக்கு உங்கள் போனே போதும். எண்களை எப்படிச் சேமித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். என் போனில் மூன்று முருகன் இருக்கிறார்கள்: முருகன் பிளம்பர், முருகன் பால், முருகன் கீழ்வீடு. இவை குறிப்பிடும் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஹலோ அண்ணே', 'தம்பி, நான் மூணாவது தெருவுல இருந்து பேசுறேன்', 'சார், மேல் வீட்டுல தண்ணி வரலை'. நாக்கு எங்கே தடுமாறுகிறதோ அங்கே படி மூன்றுக்குத் திரும்புங்கள்.

பெயரை எப்போது கேட்பது? இரண்டு மூன்று மாதம் பழகியபின், ஒரு நல்ல காரணம் வரும்போது. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கும்போது, 'இவ்வளவு நாள் பழகுறோம், உங்க பேரு கேட்டதே இல்லையே அக்கா' என்றால் இயல்பாக இருக்கும். பெயர் தெரிந்தபின்னும் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். 'ராணி அக்கா', 'செந்தில் அண்ணே' என்று வாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: உங்களுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் தெருவுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும்போது தெருவும் உங்களுக்கு ஒன்று வைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, முனைக் கடையில் கணக்கு எழுதும் நோட்டை எட்டிப் பார்ப்பது. என் அண்ணன் மகள் ஆறு மாதம் கழித்துப் பார்த்திருக்கிறாள். மாடி வீட்டுப் பொண்ணு என்றோ ஐடி பொண்ணு என்றோ இருக்கும் என நினைத்தாளாம். அண்ணாச்சி கையெழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது: 'சிலிண்டர் வீடு, தயிர் 2, முட்டை 6'.